கலைச்சொல் விவாதம்: ட்ரையேஜ் – தரமா, வரிசையா, முறையா?

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

கரையோரக் குப்பங்களில் இருக்கும் தொண்டர்களுக்காகப் பேரிடர்க்கால முதலுதவிக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு இளைஞர்கள்தான் படிக்கப்போகிறவர்கள். கட்டுப்போடுவது, எலும்பு முறிவுக்குச் சிம்பு வைப்பது, நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுப்பது எல்லாம் தமிழில் தடையில்லாமல் வந்துவிட்டன. ட்ரையேஜ் என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது.

ஒரே நேரத்தில் நாற்பது பேர் அடிபட்டுக் கிடக்கிறார்கள், பார்க்க இரண்டே பேர் என்றால் யாரை முதலில் தூக்குவது என்று முடிவு செய்வதுதான் ட்ரையேஜ். நாங்கள் சேர்த்திருப்பது 1983-ல் கலிபோர்னியாவில் உருவாக்கிய ஸ்டார்ட் முறை. ஒருவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் செலவிடக் கூடாது. "நடக்க முடிஞ்சவங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க" என்று முதலில் குரல் கொடுக்க வேண்டும்; வந்தவர்களுக்குப் பச்சை அட்டை. கிடப்பவர்களில் மூச்சில்லாதவருக்குக் காற்றுவழியைத் திறந்து பார்க்க வேண்டும். மூச்சு திரும்பினால் சிவப்பு, திரும்பாவிட்டால் கறுப்பு. மூச்சு இருப்பவர்களில் நிமிடத்துக்கு 30-க்கு மேல் வாங்குபவர், மணிக்கட்டில் நாடி கிடைக்காதவர், "கையை மூடித் திற" என்றால் செய்யாதவர் ஆகியோருக்கும் சிவப்பு. மீதிப்பேர் மஞ்சள்.

செயல் இவ்வளவுதான். பெயர்தான் இல்லை. "சிகிச்சை முன்னுரிமை வகைப்படுத்தல்" என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒருவரைப் பார்த்துவிடலாம். வினையாகவும் வர வேண்டும். செவிலியர், அட்டை, இடம் ஆகியவற்றோடு ஒட்டவும் வேண்டும். உதவுங்கள்.

பண்ருட்டி

வணக்கம். எளிமையாகத் தரம்பிரிப்பு என்று வையுங்களேன். எங்கள் பக்கம் முந்திரிப் பருப்பை முழுசு, பாதி, துண்டு என்று பிரிப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். விளக்கமே வேண்டாம்.

கடலூர் துறைமுகத்து நண்பர் ஒருவர் கூறுபிரிப்பு என்கிறார். மீனைக் கூறு கட்டி விற்பது போலவாம். அதையும் பரிசீலிக்கலாம்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

நண்பர்களுக்கு வணக்கம். சொல் பிரெஞ்சு என்பதால் புதுச்சேரிக்காரன் ஒருவன் வாய் திறக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது. பிரெஞ்சு கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

பண்ருட்டி நண்பர் அறியாமலே சொல்லின் பூர்வீகத்தைத் தொட்டுவிட்டார். த்ரியே என்றால் பொறுக்கிப் பிரிப்பது. அதிலிருந்து பிறந்த த்ரியாஜ் (ட்ரையேஜின் பிரெஞ்சு உச்சரிப்பு) மருத்துவத்துக்கு வருமுன் கம்பளிக் கிடங்கிலும் காப்பிக்கொட்டைக் கிடங்கிலும் இருந்த சொல். ஆங்கில வணிகர்கள் உடைந்த, மட்டமான காப்பிக்கொட்டைக்கே இந்தப் பெயரை வைத்திருந்தார்கள். சரக்கு ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் யார்டை பிரெஞ்சில் இன்றும் 'கார் த த்ரியாஜ்' என்றுதான் சொல்கிறோம். ஆக, தரம்பிரிப்பு என்பது மூலத்துக்கு நேர்மையான பெயர்ப்புதான். இருந்தாலும் நான் அதை ஏற்கவில்லை. போர்க்களத்துக்குப் போன பிறகு அந்தச் செயல் வேறாகிவிட்டது.

இதில் முதல் பெயர் தொமினிக் லாரே. பிரெஞ்சுப் புரட்சிப் படையில், பின்னர் நெப்போலியனிடம், அறுவை மருத்துவர். 1792-ல் அவர் ரைன் படையில் சேர்ந்தபோது, படைக்கு ஒரு லீக் தூரம் பின்னால்தான் மருத்துவக் கூடாரம் நிற்க வேண்டும் என்பது விதி. ஏறத்தாழ நாலைந்து கிலோமீட்டர். சண்டை ஓய்ந்த பிறகே காயம்பட்டவரை எடுப்பார்கள். அதற்குள் பலர் போய்விடுவார்கள். குதிரைப் பீரங்கிகள் களத்தில் விரைந்து இடம் மாறுவதைப் பார்த்த லாரே, பீரங்கிக்கு முடிவது மருத்துவருக்கு முடியாதா என்று கேட்டு, இரண்டு சக்கரமும் இரண்டு குதிரையும் கொண்ட லேசான வண்டிகளை உருவாக்கினார். 'பறக்கும் ஆம்புலன்ஸ்' என்று பெயர். அன்றைக்கு ஆம்புலன்ஸ் என்றால் வண்டி மட்டும் இல்லை. படையோடு நகரும் மருத்துவமனை முழுவதுமே ஆம்புலன்ஸ்தான். வண்டி என்ற பொருள் பிறகு வந்து நிலைத்தது. (இலங்கைத் தமிழர் இதை நோயாளர் காவு வண்டி என்கிறார்கள். காவுதல் சுமத்தல். அழகான சொல். நம் ஊரில் காவு என்றதும் கோழியும் ஆடும் நினைவுக்கு வருவதால் இங்கே எடுபடாது.)

வண்டியைவிட முக்கியம் அவர் வைத்த விதி. பதவி பார்க்கக் கூடாது. ஆபத்தான காயம் உள்ளவன் சிப்பாயானாலும் அவனுக்கே முதல் கத்தி. தளபதி காத்திருக்கட்டும். எதிரிப் படையினரையும் பார்த்தார். 1812-ல் பொரோதினோ போரில் ஒரே நாளில் ஏறத்தாழ 200 உறுப்பு நீக்கங்களைச் செய்தார் என்பது பதிவு. வாட்டர்லூவில் பிரஷ்யரிடம் பிடிபட்டுச் சுடப்படவிருந்தவர் தப்பியதற்கு, பிரஷ்யத் தளபதி ப்ளூக்கரின் மகனுக்கு முன்பு அவர் சிகிச்சை செய்திருந்தது காரணம் என்பார்கள். த்ரியாஜ் என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை.

அடுத்து ருஷ்யர் பிரகோவ். கிரிமியப் போர், செவஸ்தபோல், 1854–55. கட்டுப்போடும் இடத்துக்கு நூற்றுக்கணக்கில் காயம்பட்டோர் வந்து குவிந்தார்கள். கண்ணில் பட்டவரை எல்லாம் உடனே அறுக்க ஆரம்பித்தால் யாரும் மிஞ்சமாட்டார்கள் என்று கண்டுகொண்ட அவர், முதலில் பிரி, அப்புறம் கத்தியை எடு என்றார். பிழைக்க வாய்ப்பே இல்லாதவர்களை அருட்சகோதரிகளிடமும் பாதிரியாரிடமும் ஒப்படைத்தார். உடனே அறுவை தேவைப்பட்டோர், அனுப்பிவைக்கத் தக்கோர், லேசான காயத்தோர் என்று மற்றவர்கள். அதே போரின் மறுபக்கம், 1854 நவம்பரில், ஸ்குதாரி மருத்துவமனையில் 38 பெண்களோடு வந்து இறங்கியவர் நைட்டிங்கேல். அவருடைய பெயர் எல்லாப் பள்ளிப் புத்தகத்திலும் இருக்கிறது. பிரகோவின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

சொல் மருத்துவத்தில் நிலைத்தது முதல் உலகப்போரின் பிரெஞ்சு முகாம்களில். பிரெஞ்சுப் படையில் சேர்ந்த நம் ஊர்ச் சொல்தாக்களும் (சிப்பாய்களும்) அந்தப் போருக்குப் போனவர்கள்தான். கடற்கரைச் சாலையில் இருக்கும் நினைவுச்சின்னம் அவர்களுக்காகவும் எழுப்பியது. அந்தப் போர்களில் இன்னொரு நடைமுறையும் இருந்தது. லேசாக அடிபட்டவனை முதலில் சரிசெய்து உடனே சண்டைக்குத் திருப்பி அனுப்புவது. கவனியுங்கள்: லாரேக்கு ஆபத்தானவன் முதலில், பிரகோவிடம் மிக ஆபத்தானவன் கடைசியில், இவர்களிடம் ஆபத்தே இல்லாதவன் முதலில். எனவே 'தீவிர வரிசை', 'இடர்த்தரம்' போன்ற எந்தச் சொல்லும் பொய்யாகிவிடும். காயம் எவ்வளவு பெரிது என்பதை இந்தச் சொல் சொல்லவில்லை. யாருடைய முறை எப்போது வரும் என்பதைத்தான் சொல்கிறது.

அதனால் என் முன்மொழிவு: முறைபிரிப்பு.

திருப்பாதிரிப்புலியூர்

ஐயாவின் மடலை ரசித்துப் படித்தேன். ஓய்வு பெற்ற செவிலியர் நான். அவசரப் பிரிவில்தான் பெரும்பாலும் பணி.

கூறுபிரிப்பு வேண்டவே வேண்டாம். பிணவறை வாசலில் 'உடற்கூறாய்வு' என்று பலகை தொங்கும். அதற்கு எதிரில் 'கூறுபிரிப்புப் பகுதி' என்று எழுதினால் உள்ளே வருகிறவர் வந்த வழியே ஓடிவிடுவார்.

தரமும் கூடாது. உறவினர்கள் பக்கத்திலேயே நிற்பார்கள். "எங்க அப்பா என்ன மூணாந்தரமா?" என்று ஒருவர் கேட்டால் வார்டே இரண்டுபடும். அதைவிடப் பெரிய சிக்கல், தரம் ஆளோடு ஒட்டிக்கொள்ளும். இந்த வேலையில் எதுவும் ஒட்டக் கூடாது. 2004 டிசம்பர் 26-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டக் கரையில் மட்டும் 600-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆழிப்பேரலையில் இறப்பவர்கள் அதிகம், படுகாயத்தோடு பிழைப்பவர்கள் அதோடு பார்க்கக் குறைவு. நடந்து வருகிறவர்கள்தான் ஏராளம். ஆனால் சேறும் உப்புநீரும் நுரையீரலுக்குள் போயிருந்தால், காலையில் நடந்து வந்து பச்சை அட்டை வாங்கியவர் மாலையில் மூச்சுத் திணறிச் சிவப்புக்கு வந்துவிடலாம். ஆகவே திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். முறை என்றால் மாறும். "உங்க முறை முன்னாடி வந்துடுச்சு" என்று சொல்ல வாய் வரும். யாருக்கும் கோபமும் வராது.

ஒரே ஒரு சந்தேகம். முறைமாமன், முறைப்பெண் எல்லாம் குறுக்கே வரமாட்டார்களா? சீர்வரிசைத் தகராறு மாதிரி இருக்கிறதே!

வேறொரு பெரியவர் எனக்குத் தனிமடலில் 'ஆதுலர் தெரிவு' என்று எழுதியிருந்தார். ஆதுலர் என்றால் நோயாளர். திருமுக்கூடல் கல்வெட்டில் வீரராசேந்திர சோழன் காலத்து 15 படுக்கை ஆதுலர்சாலை வருகிறது. மருத்துவர், அறுவை செய்பவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் என்று 11-ம் நூற்றாண்டிலேயே ஆள்கணக்கு வைத்திருந்தார்கள். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கடற்கரையில் நின்றுகொண்டு ஒரு பையன் "ஆதுலர்" என்று கத்தினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? செவிலி என்ற பழைய சொல் நமக்குக் கைகொடுத்தது உண்மை. வளர்த்த தாய் என்ற பொருள் அதற்கு ஏற்கெனவே இருந்தது, நர்ஸுக்குப் பொருந்தியது. தெரிவு அப்படி இல்லை. 'தேர்ந்தெடுத்துக் காப்பாற்றினார்கள்' என்ற பழியும் சேர்ந்து வரும்.

மஞ்சக்குப்பம், கடலூர்

எல்லாருக்கும் நன்றி. ஐயா, அக்கா, இருவர் சொன்னதையும் வைத்துக் கையேட்டில் முறைபிரிப்பு என்றே போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் "ட்ரையேஜ் எனப்படும் முறைபிரிப்பு" என்று இருக்கும். 108 ஊழியர்கள் ட்ரையேஜ் என்றுதான் பேசுவார்கள். தொண்டர்களுக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒட்டிப் பார்த்தேன். முறைபிரிப்புச் செவிலியர், முறைபிரிப்பு அட்டை, முறைபிரிப்பிடம் எல்லாம் வருகின்றன. "இவரை முறைபிரிச்சாச்சா?" என்று பேச்சிலும் வருகிறது. திரும்பப் பார்ப்பதற்கு 'மறுமுறைபிரிப்பு' போட்டால் 'மறுமுறை' என்று பிரித்துப் படிப்பார்கள். எனவே மீள்முறைபிரிப்பு. லேசானவரைச் சிவப்பில் போட்டுவிட்டால் மிகைமுறைபிரிப்பு, மோசமானவரைப் பச்சையில் விட்டால் குறைமுறைபிரிப்பு. கடைசி இரண்டும் நாக்கில் சிக்குகின்றன. தொண்டர் கையேட்டில் அவற்றுக்கு வேலையில்லை, பாடநூல் எழுதுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். முறைமாமன் பற்றிய கவலையை எங்கள் குப்பத்துப் பையன்கள் சிலரிடம் கேட்டேன். சிரித்தார்கள், ஆனால் ரேஷன் கடை முறையைத்தான் முதலில் நினைத்தார்களாம்.

அட்டைகளில் பெயரைவிட ஏவல்தான் தேவை. சிவப்பில் 'உடனே', மஞ்சளில் 'அடுத்து', பச்சையில் 'நடப்பவர்'. கறுப்பில் 'இறந்தவர்' என்று போட முடியாது. மரணத்தை அறிவிப்பது மருத்துவர் வேலை. தவிர, பேரழிவில் பிழைக்க வழியில்லாமல் இன்னும் மூச்சு இருப்பவர்களுக்கு ராணுவ மருத்துவத்தில் தனி வகையே உண்டு. அதன் ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்தால் 'எதிர்பார்ப்பில் உள்ளவர்' என்று வரும். படிக்கிறவர் பிரசவ வார்டு என்று நினைத்துக்கொள்வார். பிரகோவ் அவர்களைச் சகோதரிகளிடம் விட்டார் என்று ஐயா எழுதியதிலிருந்து எனக்குத் தோன்றியது: துணையிருப்பு. ஸ்டார்ட் முறையில் அந்த வகை தனியாக இல்லாததால் இது தொண்டருக்கு வேண்டாம், மருத்துவமனைப் படிவத்துக்கு மட்டும்.

தொண்டரின் கறுப்பு அட்டைக்கு 'மூச்சில்லை' என்று எழுதலாமா? அவர் கண்டது அதுதான். அக்கா, நீங்கள் சரி என்றால் அச்சகத்துக்கு அனுப்பிவிடுகிறேன்.

திருப்பாதிரிப்புலியூர்

'மூச்சில்லை' சரி தம்பி. கீழே நேரம் எழுதக் கட்டம் விடுங்கள். எல்லா அட்டையிலும் விடுங்கள். துணையிருப்பு நல்ல சொல், படிவத்தில் நானே போட்டுக் கேட்கிறேன். அட்டை காகிதமாக இருக்க வேண்டாம். கடலில் நனைந்தவர் கழுத்தில் கட்டப்போகிறோம்.