ரத்தம் சுத்தம்னா எலும்பும் சுத்தமா?

மஞ்சக்குப்பம் வாத்தியார்:
போன வாரம் மீன் விலை இழையில 'சிப்காட் ஷிப்ட்' எழுதினதை அப்படியே ஒட்டுறேன்: "ரத்த டெஸ்ட் எடுத்தாச்சு, ஈயம் நார்மல். அதனால என் எலும்புலயும் ஈயம் கிடையாது. கடலூர்க்காரன் எலும்பு பூரா விஷம்னு பீதி கிளப்புறவங்க வாயை மூடணும்." இதுக்குக் கைதட்டினவங்களும் நிறைய. வேதியியல் சொல்லிக் கொடுத்தே தலை நரைச்சவன் நான், இதைப் பார்த்துட்டு சும்மா போக முடியல. பெரியவங்க உடம்புல இருக்கிற ஈயத்துல 90 சதவீதத்துக்கு மேல எலும்புலதான் இருக்கு. ரத்தத்துல இருக்கிறது ஒரு மாசத்துல பாதியாயிடும். எலும்புல போய் உட்கார்ந்தது பாதியாக 10 வருஷம், 20 வருஷம், அதுக்கு மேலயும் ஆகும். கால்சியத்தோட இடத்தை ஈயம் பிடிச்சிக்கிட்டா உடம்பு அதைச் சுலபத்துல விடாது. ரத்தம் ரோடு, எலும்பு குடோன். ரோடு காலியா இருக்குன்னு குடோனும் காலின்னு எழுதிக் கொடுப்பீங்களா?

சிப்காட் ஷிப்ட்:
வாங்க சார், எனக்குன்னு தனி இழையே திறந்துட்டீங்க. உப்பனாறு ஓரத்துல, சிப்காட் தொழிற்பேட்டையில இருபது வருஷத்துக்கு மேல ஷிப்ட் பார்த்தவன் நான். வருஷா வருஷம் மெடிக்கல். ரிடையர் ஆனப்புறம் சொந்தக் காசுல டெஸ்ட், டெசிலிட்டருக்கு 4 மைக்ரோகிராம். ரிப்போர்ட் என் கையில இருக்கு. உங்க கையில என்ன இருக்கு, சாக்பீஸா?

மஞ்சக்குப்பம் வாத்தியார்:
அந்த 4 சமீபத்துல உள்ள போனதோட கணக்கு. நான் கேட்டது எலும்பு. ரத்தம் ஒரு மாசம், எலும்பு 20 வருஷம். இதுக்குப் பதில் சொல்லுங்க.

சோனங்குப்பம் வலை:
எதுக்கெடுத்தாலும் சிப்காட்டையே இழுக்காதீங்க, ஈயம்னா எங்ககிட்ட கேளுங்க. வலையோட அடிக்கயித்துல கட்டுற ஈயக்குண்டை எங்க தெருவுல வீட்டுலயே ஊத்துவாங்க. பழைய பேட்டரித் தகட்டை இரும்புச் சட்டியில போட்டு விறகடுப்புல உருக்கணும். மேல சாம்பல் கணக்கா ஒரு கசடு மிதக்கும், அதைக் கரண்டியால வழிச்சு ஓரமாத் தட்டிட்டு அச்சுல ஊத்துவோம். அந்த இடத்துலதான் நாங்க சின்னப் பசங்களா விளையாடினோம். எங்க தாத்தா கடைசி வரைக்கும் கட்டுமரம் தள்ளினவர். எலும்பு இரும்பு மாதிரி இருந்துச்சு.

லாஸ்பேட்டை லேப்:
அண்ணே, நீங்க சொன்ன அந்தக் கசடுதான் ஆபத்து. ஈயம் 327 டிகிரியிலயே உருகிடும். மேல படியிற ஆக்சைடு தூளாப் பறந்து மூக்குல போகும், கையில ஒட்டி வாய்க்குப் போகும். சின்னக் குழந்தை வயித்துக்குள்ள போற ஈயத்துல பெரியவங்களைவிடப் பல மடங்கு ரத்தத்துல ஏறிடும். தயவுசெஞ்சு வீட்டுக்கிட்ட உருக்காதீங்க.

வாத்தியார் சார், நீங்களும் பாதிதான் சொல்றீங்க. பல வருஷம் ஈயத்துல வேலை பார்த்து எலும்பு நிறைய சேர்த்தவங்களுக்கு, வேலையை விட்டப்புறமும் எலும்புல இருந்து கசிஞ்சு ரத்தத்துல அளவு கூடுதலாவே இருக்கும். ஷிப்ட் அண்ணனுக்கு 4னா, எலும்புல பெரிய சுமை இருக்க வாய்ப்பு கம்மி.

சிப்காட் ஷிப்ட்:
கேட்டுச்சா சார்? லேப்ல வேலை பார்க்கிற பொண்ணே சொல்லிடுச்சு. எலும்புல இல்லன்னு ஊர்ஜிதம்.

லாஸ்பேட்டை லேப்:
இல்லன்னு நான் சொல்லல, கம்மியா இருக்கலாம்னுதான் சொன்னேன்.

மஞ்சக்குப்பம் வாத்தியார்:
'வாய்ப்பு கம்மி'ங்கிறது ஊகம். எலும்புல எவ்வளவு ஈயம்னு தெரியணும்னா முட்டிக்குக் கீழ இருக்கிற முன்னங்கால் எலும்புல எக்ஸ்ரே ஃப்ளோரசன்ஸ், அதாவது எக்ஸ்ரே பாய்ச்சி உலோகத்தைக் கண்டுபிடிக்கிற முறை, அதை வச்சு அளக்கணும். அது ஆராய்ச்சிக்கூடத்து வேலை, நம்ம ஊர் லேப்ல ஊசி குத்தி எடுக்கிறது இல்ல. முட்டிச் சில்லுல இருக்கிறது சீக்கிரம் குறையும், முன்னங்கால் எலும்புல இருக்கிறது ரொம்ப காலம் தங்கும். ஒரே ஆளுக்குள்ளயே இடத்துக்கு இடம் கணக்கு மாறும்போது, ரத்தத்துல ஒரு சொட்டைப் பார்த்து தீர்ப்பு எழுதுறது அராஜகம். ரத்தம் ஒரு மாசம், எலும்பு 20 வருஷம்.

புதுவை மண்வெட்டி:
அந்தக் காலத்து எலும்பை எடுத்து ஒப்பிட்டாப் போதுமே. பாண்டிக்குப் பக்கத்துல சுத்துக்கேணியில பழங்காலத்து ஈமக்காடு இருக்கு, பிரெஞ்சுக்காரர் கசால் 1940கள்லயே அங்க தோண்டினார். சிப்காட்டும் பெட்ரோலும் இல்லாத காலத்து எலும்பு எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சிடும்.

மஞ்சக்குப்பம் வாத்தியார்:
புதைஞ்ச எலும்பு மண்ணுல இருக்கிற உலோகத்தையும் தண்ணியில கரைஞ்சு வர்றதையும் உறிஞ்சிக்கும். செத்தப்புறம் மண்ணு கொடுத்தது எது, உயிரோட இருந்தப்ப சேர்ந்தது எதுன்னு பிரிக்காம ஒப்பிட்டா முடிவு தப்பாத்தான் வரும். தொல்லியல்காரங்களே இதுல திணறுறாங்க.

புதுவை மண்வெட்டி:
அதே ஆளுங்க, கால்சியம் மாதிரியே எலும்புல சேர்ற ஸ்ட்ரான்சியம்ங்கிற உலோகத்தை வச்சு யார் தானியம் தின்னான், யார் கறி தின்னான்னு சொல்றாங்களே. செடி தின்றவங்க எலும்புல கால்சியத்தோட ஒப்பிட்டா ஸ்ட்ரான்சியம் அதிகம், கறி தின்றவங்களுக்குக் கம்மி. வாத்தியாருக்குப் பிடிக்காத சாட்சி எல்லாம் பொய்ச்சாட்சி போல.

சோனங்குப்பம் வலை:
கடல் மீன் தின்றவங்களுக்கு?

புதுவை மண்வெட்டி:
கடல் தண்ணியில லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவுக்கு ஸ்ட்ரான்சியம் இருக்கு அண்ணே. மீனை முள்ளோட தின்றவங்க கணக்கே வேற.

மஞ்சக்குப்பம் வாத்தியார்:
மீன் இருக்கட்டும். கடலூர்–பாண்டி ரோட்டுல பஸ் புகையைக் குடிச்சு வளர்ந்த தலைமுறைக்கு எலும்புல ஈயம் இல்லையா? 2000 வரைக்கும் ஈயம் கலந்த எரிபொருள்தானே ஓடுச்சு?

சிப்காட் ஷிப்ட்:
பஸ் ஓடுறது டீசல்ல சார்! ஈயம் கலந்தது பெட்ரோல்ல. ஸ்கூட்டர், அம்பாசடர்னு சொல்லுங்க. வேதியியல் வாத்தியாருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியிருக்கு.

மஞ்சக்குப்பம் வாத்தியார்:
அதே ரோட்டுலதான் ஸ்கூட்டரும் போச்சு. யார் புகைன்னு எலும்பு கேட்காது. பேச்சை மாத்தாம பதில் சொல்லுங்க: ரத்தம் ஒரு மாசம், எலும்பு 20 வருஷம், ஆமாவா இல்லையா?

லாஸ்பேட்டை லேப்:
சார், ஆம்பளைங்க ரிப்போர்ட்டுக்கு இவ்வளவு சண்டை. கர்ப்பமா இருக்கும்போது உடம்புக்குக் கால்சியம் போதலன்னா எலும்பு கரையும், கூடவே பழைய ஈயமும் ரத்தத்துக்கு வந்து குழந்தைக்குப் போகும். பால் கொடுக்கும்போதும் அப்படித்தான், மாதவிடாய் நின்னப்புறமும் அப்படித்தான். சின்ன வயசுல ஈயம் உருக்கின இடத்துல வளர்ந்த பொண்ணு இன்னைக்குத் தாயாகியிருப்பா. அவளுக்குக் கால்சியமும் இரும்பும் சரியா கிடைக்குதான்னு இங்க யாராவது கேட்டீங்களா?

சோனங்குப்பம் வலை:
அப்ப எங்க பொண்ணுங்க எலும்புதான் கெட்டதா? சம்பந்தம் பேச வர்ற இடத்துல இதையும் சொல்லி வச்சிடுங்க. படகுக்கு அடிக்கிற பெயிண்ட்டை விட்டுட்டீங்களே, அதையும் சேர்த்துக்குங்க.

லாஸ்பேட்டை லேப்:
அண்ணே, நான் அப்படிச் சொல்லவே இல்ல. பெயிண்ட் நீங்க கேட்டதால சொல்றேன். வீட்டுப் பெயிண்ட்டுல ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல இருக்கக்கூடாதுன்னு 2017 நவம்பர்ல இருந்து சட்டம். அதுக்கு முன்னாடி அடிச்சதைச் சுரண்டும்போது ஈரம் பண்ணிச் சுரண்டுங்க, பசங்களைத் தள்ளி நிறுத்துங்க.

புதுவை மண்வெட்டி:
ஷிப்ட் அண்ணே, நீங்க ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்? புகையிலைச் செடி மண்ணுல இருக்கிற காட்மியம்ங்கிற விஷ உலோகத்தை நல்லா இழுக்கும், புகையோட அது உள்ள போகும்.

சிப்காட் ஷிப்ட்:
என் சிகரெட் என் காசு. பாண்டியில வரி கம்மின்னு வந்து சரக்கு குடிச்சிட்டுப் போறவங்களை முதல்ல எண்ணுங்க.

மஞ்சக்குப்பம் வாத்தியார்:
காட்மியம்னு வந்தாச்சு, சொல்லிடுறேன். ஜப்பான்ல ஜின்சு ஆத்துக்கரையில சுரங்கக் கழிவு வயலுக்குப் பாஞ்சு, அந்த அரிசியைத் தின்ன பொம்பளைங்களுக்கு எலும்பு மென்மையாகி முறிஞ்சுது. 'இதாய் இதாய்'னு பேர். 1968ல அந்நாட்டு அரசே காட்மியம்தான் காரணம்னு ஒத்துக்கிட்டுது. அங்க காட்மியம் முதல்ல கெடுத்தது சிறுநீரகத்தை, அது வழியாத்தான் எலும்பு போச்சு. ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு வழி. ஒரே ஒரு ரத்த டெஸ்ட்டைக் காட்டி அத்தனைக்கும் சான்றிதழ் வாங்க முடியாது.

சிப்காட் ஷிப்ட்:
ஜப்பான் வரைக்கும் போயிட்டீங்க, என் 4 இன்னும் 4 தான் சார். கூட வேலை பார்த்தவன் எத்தனையோ பேர், ஒருத்தனுக்கும் எலும்பு முறியல. எங்க ஊரை விஷ ஊர்னு சொல்லிச் சொல்லியே நிலத்தை விக்க முடியாமப் பண்ணிட்டீங்க, அதுக்கு யார் பதில் சொல்றது?

மஞ்சக்குப்பம் வாத்தியார்:
நிலம் வேற இழை. ரத்தம் ஒரு மாசம், எலும்பு 20 வருஷம். பதில்?

சிப்காட் ஷிப்ட்:
4.

சோனங்குப்பம் வலை:
தாத்தாவைப் பத்தி நான் சொன்னதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.