வாசிப்பு வட்டத்துல கேட்டது தப்பா?

லூட்டன்வாசி: எங்க பெண்ணிய வட்டத்துல மாயா ஃபோர்ஸ்டேட்டர் வழக்கைப் பேசலாம்னேன் (பிறப்புப் பாலினத்தை மாத்த முடியாதுன்னு சொன்னதால வேலை போச்சுன்னு பிரிட்டன்ல அவர் போட்ட வழக்கு). கொண்டுவந்த வடையை அப்புறம் யாரும் தொடலை. தோழி ஒருத்தி கோட்டு மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க.

தேநீர்க்கடை: தப்பில்லை. 2019ல தீர்ப்பாயம் அவர் கருத்துக்குப் பாதுகாப்பு இல்லைன்னது. 2021 ஜூன்ல மேல்முறையீட்டில் மாறிச்சு. ஆனா வேலையிடத்துல திருநர்களைச் சீண்ட இது உரிமம் இல்லைன்னும் அதே தீர்ப்பு சொல்லுது. அதைப் படிச்சுக் காட்டினீங்களா?

லூட்டன்வாசி: இல்லை.

நடைபாதை: நான் திருநங்கை. என்னைப் பெண்ணா ஏத்துக்கலாமான்னு என் முன்னாடியே விவாதம் வெச்சா நானும் எழுந்திருப்பேன். (கருத்துரிமை வேணாம்னு சொல்லலை.) முதல்ல அவங்களுக்குப் போன் போடுங்க.

லூட்டன்வாசி: போட்டேன், எடுக்கலை. "வடை டப்பாவைத் திருப்பிக் கொடுங்க"ன்னு மெசேஜ் மட்டும் வந்திருக்கு.