மறுமொழி: ‘விரைவுத் தொடக்கம்’ அல்ல, ‘முந்துதொடக்கம்’

வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலான சொற்கோப்பில் சேர்க்கும் ஒரு சொல்லைப் பற்றி வந்த இரண்டு மடல்களுக்கு இது பதில். உட்பொதி லினக்ஸ் என்பது கருவிகளுக்குள் வைத்து ஓட்டும் லினக்ஸ் இயங்குதளம்.

> உட்பொதி லினக்ஸில் ஒரு நிரலை மற்றவற்றுக்கு முன்னே கிளப்புவதை ‘விரைவுத் தொடக்கம்’ என்றே சொல்லிவிடலாமே?

ஐயா, இதை என்னால் ஏற்க முடியவில்லை. விரைவுத் தொடக்கம் என்றால் பூட், அதாவது கருவி இயங்கத் தயாராகும் நேரம், முழுவதும் சுருங்க வேண்டும். நாம் பேசுவது அதுவல்ல. போன மாதம் இங்கே திருகோணமலையில் ஒரு மீன்பிடி வள்ளத்துக்கு எஞ்சின் வெப்பம் காட்டும் சிறு திரை செய்து கொடுத்தோம். சாவியைத் திருப்பி எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகும் திரை கறுப்பாகவே கிடந்தது. “இப்ப சூடு ஏறினா எனக்கு எப்படித் தெரியும் தம்பி?” என்று வள்ளத்தின் சொந்தக்காரரான சம்மாட்டி கேட்டார். நியாயமான கேள்வி.

லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி, வலையமைப்பு, புளூடூத் என்று எல்லாவற்றையும் கிளப்ப, எங்கள் நிரல் அந்த நெரிசலில் நின்றது. அதனால் லினக்ஸின் மையமான கர்னலுக்கு, முதலில் எந்த நிரலை ஓட்டுவது என்று சொல்லும் இனிட் அளவுருவில் சிஸ்டம்டிக்குப் பதில் நாங்கள் எழுதிய சின்ன நிரலை வைத்தோம். அது ஃபோர்க் செய்யும், அதாவது தன்னைப் போல் இன்னொரு செயல்முறையை உண்டாக்கும். பிள்ளை திரை நிரலாகும். தாய், ஓடும் நிரலை மாற்றும் எக்ஸெக் வழியே சிஸ்டம்டியாக மாறிவிடும். சிஸ்டம்டிக்கு வேண்டிய செயல்முறை எண் 1 தாயிடமே இருப்பதால் சிஸ்டம்டி வழமைபோல் ஓடும். திரை சட்டென்று வந்தது. ஆனால் பூட் முடியும் நேரம் குறையவில்லை, கொஞ்சம் கூடியது. எங்கள் நிரலும் சிஸ்டம்டியும் ஒரே ஃபிளாஷ் நினைவகத்தைப் போட்டிபோட்டு வாசிக்கின்றன அல்லவா? ‘விரைவு’ என்று எழுதினால் படிப்பவர் தவறான நேரத்தை அளந்துகொண்டிருப்பார்.

> ‘முன்தொடக்கம்’ எளிதாக இருக்கிறதே அண்ணா.

எனக்கும் முதலில் வந்தது அதுதான் தங்கச்சி. ஆனால் சேர்த்துப் புணர்த்தினால் ‘முற்றொடக்கம்’. முடிந்துபோனதன் சாயல் வந்துவிடுகிறது. புணர்த்தாமல் விட்டாலும் ‘முந்தைய தொடக்கம்’ என்று படிக்க இடமுண்டு. பழுது தேடும்போது முந்தைய பூட்டின் பதிவுகளைப் பார்ப்பது அன்றாட வேலை. அங்கே இரண்டும் மோதும்.

‘முந்துதொடக்கம்’ வினைத்தொகை. சுடுசோறு, ஊறுகாய் போல நடுவில் ஒற்று மிகாது. வினையாக வேண்டுமா, ‘முந்தித் தொடங்கு’. பொருளும் சரியாக அமைகிறது: கொழும்பு பஸ் கந்தளாயில் ஒரு லொறியை முந்தினால் பாதையின் நீளம் குறைவதில்லை, பஸ் முன்னே போகிறது, அவ்வளவுதான்.

விளக்கக் குறிப்பில் இன்னொன்றும் சேர்க்க ஆசை. வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா, “புழுதி விதைப்புப் போல” என்றார். பெரும்போக மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் நெல்லைத் தூவிவிடுவார்கள்; மழை வரும்வரை விதை தானே தாக்குப்பிடிக்க வேண்டும். முந்தும் நிரலும் அப்படித்தான். ஓடும் செயல்முறைகளின் விவரம் தரும் ப்ராக் கோப்பமைப்பு ஏற்றப்பட்டிருக்காது, பதிவுச் சேவை இருக்காது. திரையின் இயக்கியைக் கர்னலுக்குள்ளேயே கட்டியிருந்தோம்; பிறகு தனியே ஏற்றும் மாட்யூலாக விட்டிருந்தால் அதை ஏற்ற அந்நேரம் ஆளில்லை.

சிஸ்டம்டிக்குள்ளேயே இயல்புச் சார்புகளை (இன்னதற்குப் பிறகே தொடங்கு என்று தானாகச் சேரும் விதிகளை) நிறுத்தி ஒரு சேவையை முன்னே நகர்த்துவதையும் இதே சொல்லால் குறிக்கலாம் என்பது என் எண்ணம். ஞாயிறு இரவு சொற்கோப்பை மாற்றப் போகிறேன். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.