எம்.எல்.ஏ. பேஸ்புக்ல சொன்னா வேலை நடக்குமா?

ஆத்தங்கரைக்காரன்: தெருவுல வாறுகால் அடைச்சி, கறுப்புத் தண்ணி நடைவாசல் வரை நிக்கி. எம்.எல்.ஏ. பேஸ்புக் பக்கத்துல போட்டோவோட போட்டேன். கும்பிடுற கை ஒண்ணு பதிலா வந்துது, அவ்வளவுதான். காதுகுத்து, கல்யாணப் படம் மட்டும் அன்னாடம் ஏறுது. வேற வழி உண்டுமா?

டீச்சரக்கா: அண்ணாச்சி, அந்தப் பக்கத்தைப் பாக்கது கூட இருக்க பையனுவ. முதல்வர் உதவி எண் 1100-க்கு அடிங்க, இல்லைன்னா முதல்வரின் முகவரி தளத்துல மனுவை ஏத்துங்க. மனு எண் தருவாவ. அதைச் சொல்லித்தான் பெறவு கேக்க முடியும். கமெண்டுக்கு ஏது எண்ணு?

பாளை பேரன்: எம்.பி.ன்னா சபையில கேட்ட கேள்வியெல்லாம் நாடாளுமன்றத்தோட சன்சத் தளத்துல கிடக்கு. தொகுதி நிதி வருசம் 5 கோடி. படிச்சிட்டுக் கேளுங்க, சும்மா வையாதீய.

ஆத்தங்கரைக்காரன்: 1100 அடிச்சாச்சு, எண் வந்துட்டு. திங்கக்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்லயும் ஒரு மனு குடுத்துருதேன்.