கறையான் புற்று இல்லாத ஊரில் காளான் பறிக்கப் போகிறவர்களுக்கு

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து இந்த வருஷம் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்த பிள்ளைகளில் மூன்று பேர், ஒருவருக்கொருவர் தெரியாமலே, ஒரே மாதிரிப் படத்தை அனுப்பிக் கேட்டுவிட்டார்கள். "அண்ணே, வீட்டுக்குப் பின்னால் காட்டில் இது நிறைய நிக்குது, கறி வைக்கலாமா?"

வைக்க வேண்டாம் மக்களே. படத்தைப் பார்த்து நான் சொல்ல மாட்டேன், வேறு யார் சொன்னாலும் நம்பாதீர்கள். போனில் இருக்கும் செயலி சொன்னாலும் அப்படித்தான்.

ஆசை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நான் குலசேகரம் பக்கம். எடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை பிடித்து, ராத்திரி இடி இடித்தால் மறுநாள் விடியும் முன்னே ஆச்சி பனையோலைக் கடவத்தோடு ரப்பர் விளைக்குக் கிளம்பிவிடுவார். போன வருஷம் கூண், அதாவது காளான், முளைத்த அதே புற்றடிக்குத்தான் நேராகப் போவார். தண்டைப் பிடித்து இழுக்காமல், ஈர மண்ணில் விரலை விட்டு மெதுவாகத் தோண்டுவார். வால் போல நீண்டு இறங்கும் அந்த வேர் புற்றுக்குள் போகிறதா என்று பார்ப்பார். தொப்பியின் நடுவில் கூரான முனை இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். இத்தனையும் சரியாக இருந்தால்தான் கடவத்துக்குள் போகும். வீட்டில் தேங்காய் வறுத்தரைத்துக் கறி, பக்கத்தில் அவித்த மரச்சீனி எனும் மரவள்ளிக்கிழங்கு.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நம்ம புற்றுக்காளான் கறையான் இல்லாமல் முளைக்காது. கறையான்கள் புற்றுக்குள்ளே அந்தப் பூஞ்சையைப் பயிர் மாதிரி வளர்க்கின்றன, அதன் பூதான் வெளியே வரும் காளான். ஜெர்மனியின் ஓக், பீச் காடுகளில் கறையான் புற்றே கிடையாது. ஆகவே இங்கே நீங்கள் பார்ப்பது ஆச்சி பறித்த காளானாக இருக்க வழியே இல்லை. எவ்வளவு ஒத்திருந்தாலும் அது வேறு ஒன்று.

நாஞ்சில் நாட்டு வயல் பக்கம் வளர்ந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மழைக்கு மக்கிய வைக்கோலில் முளைக்கும் காளானை அவர்களுக்குத் தெரியும். குஞ்சாக இருக்கும்போது முட்டை போல இருக்கும், விரிந்த பிறகு அடியில் பை மாதிரி ஓர் உறை நிற்கும். இங்கே ஓக் மரத்தடியில் வரும் பச்சை க்னோலன்பிளெட்டர்பில்ட்ஸ் என்ற கொடிய விஷக்காளானும் குஞ்சில் அதே முட்டை, அடியில் அதே பை. ஆங்கிலத்தில் டெத் கேப் என்பார்கள். வளர்ந்தால் தொப்பி மஞ்சள் கலந்த பச்சையாக, பட்டு போல மினுமினுப்பாக இருக்கும், சுத்த வெள்ளையாகவும் வருவதுண்டு. கீழே உள்ள மடிப்புகள் வெள்ளை. தண்டில் பாவாடை போல ஒரு வளையம். வைக்கோல் காளானில் அந்த வளையம் இருக்காது, அதன் மடிப்பு முற்ற முற்ற இளஞ்சிவப்பாகும். ஆனால் முட்டையாக இருக்கும்போது இந்த அடையாளம் எதுவும் வெளியே தெரியாது.

2015 இலையுதிர் காலத்தில் இந்த நாட்டுக்குப் புதிதாக வந்த அகதிகள் பலர் இதைத் தின்று ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். தங்கள் ஊரில் தின்னும் காளான் என்று நினைத்துத்தான் பறித்தார்கள். ஹனோவர் மருத்துவப் பல்கலைக்கழகம் அரபு, குர்து உட்படப் பல மொழிகளில் எச்சரிக்கைச் சுவரொட்டி போட்டது. தமிழில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை, அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

நம்ம வீடுகளில் சொல்லும் சோதனைகளை இதில் காட்டவே கூடாது. வெள்ளிக்காசு கறுக்காது, பூண்டு நிறம் மாறாது, நத்தை தின்ற காளானும் மனிதனைக் கொல்லும். கசப்பு மரச்சீனியை அவித்துத் தண்ணீரை வடித்துவிட்டால் விஷம் குறைந்துவிடும் என்று நமக்குப் பழக்கம். இந்தக் காளானின் விஷம் அவித்தாலும் பொரித்தாலும் உலர்த்தினாலும் போகாது. ருசியும் நன்றாகவே இருக்குமாம். ஒரே ஒரு காளான் ஒரு ஆளுக்குப் போதும்.

அதைவிடப் பயங்கரம் அது வேலை செய்யும் விதம். தின்று 6 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. அப்புறம் வாந்தி, பேதி. அது ஒரு நாளில் தணிந்து, ஆள் தேறிவிட்டது போல இருக்கும். அந்த நேரத்தில் உள்ளே ஈரல் அழிந்துகொண்டிருக்கும். "வயிறு சரியாயிட்டு" என்று வீட்டிலேயே இருந்துவிட்டால் காரியம் கெட்டுப்போகும்.

என் முதல் அக்டோபரில் தக்கலைக்காரப் பையன் ஒருவனோடு ஒரு கூடை பறித்தேன். நல்ல வேளையாக, பில்ட்ஸ்பெராட்டர் எனப்படும் காளான் ஆலோசகர் ஒருவரிடம் முதலில் கொண்டு போனோம். வயதான அம்மா. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஒரு சின்ன முட்டையை எடுத்துக் கத்தியால் நெடுக்காக வகுந்தார். உள்ளே குட்டித் தொப்பியும் தண்டும் வெள்ளையாகச் சுருண்டு கிடந்தன, விளிம்பில் மட்டும் லேசான பச்சைக் கோடு. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, கூடை மொத்தத்தையும் குப்பையில் கொட்டச் சொன்னார். உடைந்த துண்டுகள் மற்றவற்றோடு கலந்திருக்கும் என்றார். தக்கலைப் பையன் திரும்பி வரும் வழியெல்லாம் பேசவே இல்லை.

கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள், இந்த நாட்டில் அதற்கு நல்ல வழி உண்டு. டிஜிஎஃப்எம் என்ற ஜெர்மன் காளானியல் சங்கத்தின் இணையதளத்தில் ஊர்வாரியாக ஆலோசகர்கள் பட்டியல் இருக்கிறது. பல ஊர்களில் இலவசம். முதல் இரண்டு வருஷம் அடியில் மடிப்பு உள்ள எதையும் தொடாதீர்கள். அடியில் ஸ்பாஞ்சு போல இருக்கும் ஸ்டைன்பில்ட்ஸ் வகையிலிருந்து தொடங்குங்கள். அந்தக் கூட்டத்திலும் வயிற்றைக் கலக்கிவிடுவது உண்டு, ஸ்பாஞ்சு சிவப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். அடையாளம் காட்டக் கொண்டு போகும்போது தண்டை அறுக்காமல் அடிமண்ணோடு தோண்டி எடுங்கள், பை மண்ணுக்குள் இருந்தால் கத்தி அதை விட்டுவிடும். பிளாஸ்டிக் பையில் போட்டால் வெந்து கெட்டுவிடும், நல்ல காளானும் அப்படி நஞ்சாகும். எதையும் பச்சையாகத் தின்னாதீர்கள். பவேரியாவின் தெற்கில் இருப்பவர்கள் அடிக்கடி தின்னவும் வேண்டாம், 1986 செர்னோபில் அணு உலை விபத்தின் கதிரியக்கச் சீசியம் அங்கே காட்டு மண்ணில் இன்னும் இருக்கிறது.

தின்றுவிட்டுச் சந்தேகம் வந்தால் வாந்தி வரும்வரை காத்திருக்காதீர்கள். அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள். அல்லது உங்கள் மாநிலத்தின் கிஃப்ட்நோட்ரூஃப் எனும் விஷ அவசர உதவி எண், அதை இப்போதே போனில் சேமித்து வையுங்கள். கிஃப்ட் என்றால் இந்த மொழியில் விஷம். மிச்சக் கறி, நறுக்கிப் போட்ட தோல், வாந்தி எதையும் கழுவிக் கொட்டாமல் எடுத்துப் போங்கள். கூடச் சாப்பிட்டவர்கள் நன்றாக இருந்தாலும் அவர்களையும் கூட்டிப் போங்கள்.

சரி, கறி தின்னும் ஆசை தாங்கவில்லையா? சூப்பர் மார்க்கெட்டில் ஆஸ்டர்ன்சைட்லிங் என்று சிப்பிக்காளான் விற்கிறார்கள். கையால் நீளமாகக் கிழித்து, தேங்காயும் மல்லியும் வறுத்தரைத்து வையுங்கள், புற்றுக்காளானின் கடி கொஞ்சம் வரும். மரச்சீனி ஆப்பிரிக்கக் கடைகளில் உறைந்த பாக்கெட்டாகக் கிடைக்கும்.