மணி பிளாண்ட் மஞ்சளாகிறது. பூனை இருக்கும் வீட்டுக்கு, அடிக்கடி வெளியூர் போகிறவருக்கு எந்தச் செடி சரிவரும்?

புதுவேர்:

எல்லோருக்கும் வணக்கம். வீடு மாறிப்போன தோழி ஒருத்தி தன் மணி பிளாண்டையும் ஸ்நேக் பிளாண்டையும் என்னிடம் விட்டுப் போனாள். "ரெண்டும் தானா வளரும், கவலையே வேண்டாம்" என்று வேறு சொன்னாள். ஸ்நேக் பிளாண்ட் வைத்தது வைத்தபடி நிற்கிறது, வளர்கிறதா என்றே தெரியவில்லை. மணி பிளாண்ட்தான் படுத்துகிறது. அடி இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்கின்றன. கொடி முழுக்க வாடித் தொங்குகிறது. தண்ணீர் விட்டாலும் நிமிர மாட்டேன் என்கிறது. தொட்டியைச் சுற்றிக் கொசுவை விடச் சின்னதாகக் கறுப்புப் பூச்சிகள் வேறு பறக்கின்றன.

வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். கூடத்தில் ஒரு பெரிய ஜன்னல். எதிரே அடுத்த கட்டடத்தின் சுவர் என்பதால் நேர் வெயில் உள்ளே விழாது. ஆனாலும் ஜன்னலோரம் பகலில் விளக்கில்லாமல் புத்தகம் படிக்கலாம். வேலை காரணமாக மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டேன். பூனை ஒன்று இருக்கிறது. புதிதாக எது வந்தாலும் கடித்துப் பார்க்கும் ரகம்.

மணி பிளாண்டைக் காப்பாற்ற வழி உண்டா? இந்த வீட்டுக்கு ஒத்துவரும் இன்னும் இரண்டு மூன்று செடிகள் வாங்க ஆசை, எதை வாங்கலாம்? ஜன்னலே இல்லாத குளியலறையில் ஒன்று வைக்க முடியுமா?

மண்வாசம்:

தண்ணீர் அதிகம். ஊற்றுவதை நிறுத்துங்கள், சரியாகிவிடும்.

வேர்முடிச்சு:

நிறுத்தினால் மட்டும் சரியாகுமா என்பது வேரைப் பார்த்தால்தான் தெரியும். புதுவேர், தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா? விரலை நன்றாக உள்ளே விட்டால் மண் ஈரமா, காய்ந்திருக்கிறதா? தூக்கினால் கனக்கிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், வாட்டத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. மண் காய்ந்தாலும் செடி வாடும், ஊறிக் கிடந்தாலும் வாடும். வேருக்குத் தண்ணீர் வேண்டும் என்பது தெரிகிறது, காற்றும் வேண்டும் என்பதுதான் மறந்துபோகிறது. மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்கவேண்டிய இடத்தில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றால் வேர் மூச்சுமுட்டிச் சாகும். பித்தியம் போன்ற அழுகல் கிருமிகள் அதில் ஏறிக்கொள்ளும். வேர் போனபிறகு எவ்வளவு ஊற்றினாலும் இலைக்கு ஏறாது. வாடிய இலையைப் பார்த்து நாம் இன்னும் ஒரு குவளை ஊற்றுவோம். அப்புறம் சொல்லவா வேண்டும்.

புதுவேர்:

பார்த்துவிட்டு வந்தேன். வெளியே தெரிவது வெள்ளைப் பீங்கான் தொட்டி, அதில் ஓட்டை இல்லை. அதற்குள் ஓட்டை போட்ட கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி. பிளாஸ்டிக்கைத் தூக்கினால் பீங்கானின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர்! நாற்றமும் அடிக்கிறது. மண் சேறாக இருக்கிறது. வாரம் இரண்டு தடவை ஊற்ற வேண்டும் என்று தோழி சொன்னதால் அப்படியே செய்துவந்தேன்.

வேர்முடிச்சு:

சரி, விடை கிடைத்துவிட்டது. தோழியின் வீட்டு வெளிச்சத்துக்கு வாரம் இரண்டு தடவை பொருந்தியிருக்கலாம். வெளிச்சம் குறைந்தால் செடி குடிப்பதும் குறையும். கிழமை பார்த்து ஊற்றாதீர்கள், மண்ணைப் பார்த்து ஊற்றுங்கள்.

இன்றைக்கே செடியை உருவி எடுத்து, மண்ணை உதிர்த்து, வேரை அலசுங்கள். வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ கெட்டியாக இருந்தால் உயிருள்ள வேர். கறுத்துக் கொழகொழவென்று இருந்து, இழுத்ததும் தோல் கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால் அது போய்விட்டது. சுத்தமான கத்தரிக்கோலால் அதையெல்லாம் வெட்டிவிடுங்கள். பழைய மண் வேண்டாம். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலவையோடு மூன்றில் ஒரு பங்கு பெர்லைட்டோ (இலேசான வெள்ளைக் கல்துகள்) பருமணலோ சேர்த்தால் போதும். மிஞ்சிய வேர் கொஞ்சம்தான் என்றால் தொட்டியையும் சின்னதாக்குங்கள். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும். உரம் இப்போது வைக்காதீர்கள். அடிபட்ட வேரை அது இன்னும் எரிக்கும்.

கூடவே நல்ல கொடியாகப் பார்த்து இரண்டு மூன்று துண்டு வெட்டித் தண்ணீரில் போட்டுவையுங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கணுவாவது இருக்க வேண்டும். இலைக்காம்பு கொடியோடு சேரும் இடத்தில் பழுப்பாக ஒரு முட்டு தெரியும், வேர் அங்கிருந்துதான் வரும். கணு இல்லாத வெறும் இலை மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும், கொடியாக மாறாது. தாய்ச்செடி போனாலும் இந்தத் துண்டுகள் இருக்கும்.

தொட்டிக்காரன்:

அந்தப் பீங்கானின் அடியில் கூழாங்கல்லைப் பரப்பி நேரே அதிலேயே நடலாமே? நாங்கள் எப்போதும் அப்படித்தான். தண்ணீர் கல்லுக்குள் இறங்கிவிடும்.

வேர்முடிச்சு:

இறங்காது அண்ணா. மெல்லிய மண்ணிலிருந்து கல்லின் இடைவெளிக்குத் தண்ணீர் அவ்வளவு லேசில் போகாது. மேலே உள்ள மண் முழுக்க ஊறி, இனித் தாங்காது என்ற நிலை வந்தால்தான் சொட்டும். நனைத்த பஞ்சைக் கல்மேல் வைத்துப் பாருங்கள், பஞ்சின் அடிப்பாகம் சொதசொதவென்றே இருக்கும். கல் போட்டால் அந்தச் சொதசொதப்பு வேருக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது. ஆனால் பிளாஸ்டிக் உள்தொட்டியைக் கொஞ்சம் உயர்த்திவைப்பதற்காகப் பீங்கானுக்குள் கல் போடலாம், அது நல்ல யோசனைதான். வடிந்த தண்ணீர் உள்தொட்டியைத் தொடாமல் இருக்க வேண்டும்.

மீசைக்காரி:

எல்லோரும் வேரையே பேசுகிறீர்கள், பூனையை யாரும் கவனிக்கவில்லை! புதுவேர், மணி பிளாண்டின் இலையிலும் தண்டிலும் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. கடித்தால் வாய் எரியும், எச்சில் ஒழுகும், வாந்தி வரலாம். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் பூனை பாவம். புதியவர்களுக்கு எல்லோரும் சிபாரிசு செய்யும் இசட் இசட் பிளாண்ட், அக்லோனிமா, பிலோடெண்ட்ரான், டீஃபன்பாக்கியா, பீஸ் லில்லி எல்லாம் இதே வகைதான். ஸ்நேக் பிளாண்டில் இருப்பது சபோனின், அதுவும் வயிற்றைக் கலக்கும். அந்தச் செடியைச் சான்சிவேரியா இனத்திலிருந்து 2017-இல் டிரசீனா இனத்துக்கு மாற்றிவிட்டார்கள். நச்சுப் பட்டியல்களில் இரண்டு பெயரிலும் தேடிப் பாருங்கள்.

இதைவிட முக்கியம்: உண்மையான லில்லிப் பூக்களையும் டே லில்லியையும் பூங்கொத்தாகக்கூட வீட்டுக்குள் விடாதீர்கள். உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் பழுதாகிவிடும். சாகோ பாமும் வேண்டாம். பாம் என்ற பெயரில் விற்றாலும் அது சைக்கஸ் இனம், கல்லீரலைக் கெடுக்கும்.

பூனைக்கு நச்சில்லாதவை: ஸ்பைடர் பிளாண்ட், ஆஸ்பிடிஸ்ட்ரா, பார்லர் பாம், பெப்பரோமியா, ஹோயா, ஹாவர்த்தியா. உங்கள் வீட்டுக்கு முதல் வாக்கு ஸ்பைடர் பிளாண்டுக்கு. தடித்த வேரில் தண்ணீர் சேர்த்துவைத்துக்கொள்ளும், நீங்கள் ஊர் சுற்றிவிட்டு வரும்வரை தாங்கும். நுனி பழுப்பானால் பயப்படாதீர்கள். தண்ணீரில் உள்ள உப்பும் ஃப்ளூரைடும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். நுனியைக் கத்தரித்துவிட்டால் போயிற்று. பூனைகளுக்கு அந்த நீள இலைமேல் அலாதிப் பிரியம் என்பதால் தொங்கும் தொட்டியில் வையுங்கள். நிறையத் தின்றால் நச்சில்லாத புல்லையும் பூனை கக்கத்தான் செய்யும்.

பச்சைக்காற்று:

ஸ்நேக் பிளாண்டை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரவில் ஆக்சிஜன் தரும் செடி அது. அறைக் காற்றைச் சுத்தம் செய்யும் என்று நாசாவே சொல்லியிருக்கிறது. படுக்கையறையில் வையுங்கள்.

ஜன்னலோரம்:

செடியைத் தூக்கிப் போட வேண்டாம் என்பதில் எனக்கும் சம்மதம், காரணம்தான் வேறு. நாசாவின் 1989 ஆய்வு மூடிய சின்னப் பெட்டிக்குள் நடந்தது. வீட்டில் கதவு, ஜன்னல் வழியாகக் காற்று மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த வகை ஆய்வுகளை மறுபடி கணக்குப் போட்டு 2019-இல் வந்த கட்டுரை, சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடுகொடுக்க ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடிகள் வேண்டும் என்றது. அப்புறம் நாம் எங்கே படுப்பது? ஸ்நேக் பிளாண்ட் இரவில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துச் சேமித்துவைக்கும், அது உண்மை. ஆக்சிஜன் வெளிவருவது ஒளிச்சேர்க்கையில், அதற்கு வெளிச்சம் வேண்டும். ஜன்னலைத் திறந்து வைப்பது சுலபம்.

வெளிச்சத்தைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் நான் சொல்கிறேன். நம் கண்ணை நம்பாதீர்கள், இருட்டுக்குத் தக்கபடி அது தன்னைச் சரிசெய்துகொள்ளும். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். வெட்டவெளி வெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். இரவில் விளக்குப் போட்ட கூடம் 100 முதல் 300 லக்ஸ்தான். நமக்கு இரண்டுமே "நல்ல வெளிச்சம்". நண்பகலில், செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, ஒரு அடி உயரத்தில் கையை நீட்டுங்கள். நிழல் விரல்விரலாகத் தெரிந்தால் பெரும்பாலான செடிகளுக்குப் போதும். கலங்கலாக விழுந்தால் ஸ்பைடர் பிளாண்ட், பார்லர் பாம், ஆஸ்பிடிஸ்ட்ரா சமாளிக்கும். நிழலே இல்லையென்றால் அங்கே செடி வைக்காதீர்கள். ஜன்னலிலிருந்து இரண்டடி தள்ளினாலே வெளிச்சம் கணிசமாகக் குறைந்துவிடும், அதையும் மனத்தில் வையுங்கள்.

"வெளிச்சம் குறைவாக இருந்தால் போதும்" என்று அட்டையில் போட்டிருந்தால், அந்தச் செடி இருட்டை விரும்புகிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பட்டினியை நிறைய நாள் தாங்கும், அவ்வளவுதான். உங்கள் ஸ்நேக் பிளாண்ட் அசையாமல் நிற்பதும் அதனால்தான். நோய் ஒன்றும் இல்லை. ஜன்னலுக்கு நெருக்கமாக, பூனைக்கு எட்டாத இடமாகப் பார்த்து நகர்த்துங்கள். மண் அடிவரை காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர். ஜன்னலில்லாத குளியலறையில் இசட் இசட் கூடச் சில மாதம் நின்று மெதுவாகத்தான் சாகும். அங்கே வைத்தே ஆகவேண்டும் என்றால் வெள்ளை எல்.ஈ.டி. விளக்கைச் செடிக்கு ஒரு அடி மேலே தினமும் 10, 12 மணி நேரம் எரிய விடுங்கள்.

மண்வாசம்:

ஆஸ்பிடிஸ்ட்ராவுக்கு என் ஓட்டு. விக்டோரியா காலத்து ஆங்கிலேய வீடுகளில் எரிவாயு விளக்கும் புகையும் தாண்டித் தாக்குப்பிடித்த செடி அது. மெதுவாக வளரும், அதனால் சின்னச் செடி வாங்கிவிட்டுப் பெரிதாகும் என்று காத்திருக்காதீர்கள். வேண்டிய அளவிலேயே வாங்குங்கள்.

புதுவேர்:

எல்லோருக்கும் நன்றி. வேரில் பாதிக்குமேல் போயிருந்தது, வெட்டிவிட்டுச் சின்னத் தொட்டிக்கு மாற்றிவிட்டேன். நாலு துண்டு தண்ணீரில் நிற்கிறது. மணி பிளாண்டும் ஸ்நேக் பிளாண்டும் இப்போது பூனை ஏற முடியாத அலமாரி உச்சியில். கை நிழல் ஜன்னலோரம் கலங்கலாகத்தான் விழுகிறது. ஸ்பைடர் பிளாண்டும் ஆஸ்பிடிஸ்ட்ராவும் என்று முடிவு செய்திருக்கிறேன், குளியலறைத் திட்டத்தைக் கைவிட்டாயிற்று. மீதி மூன்று சந்தேகம். அந்தப் பூச்சிகள் இன்னும் போகவில்லை. வெளியூர் போகுமுன் என்ன செய்வது? வாங்கிவந்ததும் தொட்டி மாற்றணுமா?

வேர்முடிச்சு:

அவை பூஞ்சைக் கொசுக்கள். ஈரமான மேல்மண்ணில் முட்டையிடும், அங்கே பூஞ்சையைத் தின்று புழு வளரும். மேல்மண் நன்றாகக் காயும்வரை தண்ணீர் விடாமல் இருந்தாலே பாதி குறையும். பறப்பவற்றுக்கு மஞ்சள் நிற ஒட்டும் அட்டையைத் தொட்டியில் குத்திவையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றலாம், அது புழுவை மட்டும் கொல்லும். முட்டையிலிருந்து பறக்கும் பூச்சியாக மூன்று நான்கு வாரம் ஆகும் என்பதால் ஒரே வாரத்தில் ஒழியவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

வாங்கிவந்ததும் தொட்டி மாற்ற வேண்டாம். புது வெளிச்சத்துக்குப் பழகவே அதற்குச் சில வாரம் ஆகும், நடுவில் ஒன்றிரண்டு இலை உதிர்ந்தால் உதிரட்டும். ஆனால் வாங்கும்போதே இலையின் அடிப்பக்கத்தையும் தொட்டியின் அடி ஓட்டையையும் பார்த்துவிடுங்கள். பஞ்சு போல் வெள்ளையாக எதுவும் ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி, அந்தச் செடி வேண்டாம்.

மீசைக்காரி:

பயணத்துக்கு என் வழி: கிளம்புவதற்கு முந்தின நாள் தொட்டியைத் தூக்கிப் பார்ப்பேன். லேசாக இருந்தால் ஓட்டை வழியே வடியும்வரை ஊற்றிவிட்டுத் தட்டைக் காலிசெய்வேன். கனமாக இருந்தால் ஒன்றும் செய்ய மாட்டேன். "எதற்கும் இருக்கட்டும்" என்று கூடுதலாக ஊற்றிவிட்டுப் போவதுதான் ஆபத்து. இந்தச் செடிகள் இரண்டு வாரம் காய்ந்தால் பிழைக்கும், இரண்டு வாரம் தண்ணீரில் நின்றால் பிழைக்காது. பூனையைப் பார்த்துக்கொள்ள யாராவது வந்தால், செடிக்குத் தண்ணீர் விட வேண்டாம் என்று மறக்காமல் எழுதிவையுங்கள். அன்பில் ஊற்றிவிடுவார்கள்.

புதுவேர்:

எழுதி ஒட்டிவிடுகிறேன். அந்தத் துண்டுகளை எப்போது மண்ணுக்கு மாற்றலாம்?

வேர்முடிச்சு:

வேர் ஒரு விரல் நீளம் வந்து கிளைக்கத் தொடங்கியதும் மாற்றுங்கள். தண்ணீரிலேயே ரொம்ப நாள் விட்டால் மண்ணுக்குப் பழகத் தாமதமாகும். அதுவரை வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள், கணு முங்கியிருக்கட்டும், இலை முங்க வேண்டாம். மண்ணில் வைத்த முதல் இரண்டு வாரம் மட்டும் மண்ணை லேசான ஈரத்தில் வைத்திருங்கள், அந்தச் சமயத்தில் பயணம் வராமல் பார்த்துக்கொண்டால் நல்லது. நாலையும் ஒரே தொட்டியில் நடலாம், அடர்த்தியாகத் தெரியும்.