உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் வாசிக்காமல் படிவம் வாங்க என்ன வழி?

கொல்லிமலைச்சாரல்:
நாமக்கல் பக்கம் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் முதலாண்டு கணிதம் எடுக்கிறேன். போன வாரம் அணிகள் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்து ஒருவர் தாளோடு வந்தார். "செவன் பாயின்ட் ஃபைவ் எல்லாம் எழுந்திருங்க" என்றார். பதினொரு பேர் எழுந்தார்கள். அடுத்து, "எஸ்.சி., எஸ்.டி. போஸ்ட் மெட்ரிக்." பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான உதவித்தொகை அது. இன்னும் ஆறு பேர். ஐந்து நிமிடத்தில் படிவங்களைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கடைசி பெஞ்சில் யாரோ "ஓசி சீட்டு" என்றது கரும்பலகை வரைக்கும் கேட்டது.

முன் வரிசையில் உட்கார்ந்து டக்டக்கென்று பதில் சொல்லும் ஒரு பெண் மறுநாள் சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். அணிக்கோவையை என்னைவிட வேகமாக விரிப்பாள். அதையே ஆங்கிலத்தில் 'டிட்டர்மினன்ட்' என்றால்தான் முழிப்பாள், அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான அந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மருத்துவத்துக்கு 2020இல் வந்தது, பொறியியலுக்கு 2021இல் வந்தது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசு கட்டுகிறது. நானும் அரசுப் பள்ளிதான், என் காலத்தில் இது இல்லை. வந்த அன்று அவ்வளவு சந்தோஷப்பட்டேன். உள்ளே வந்த பிள்ளையை இப்படி நிறுத்துவார்கள் என்று நினைக்கவில்லை.

அலுவலகத்தில் கேட்டால், "வாசிக்கலைன்னா பாதிப் பேர் தேதியை விட்டுடுவாங்க மேடம்" என்கிறார்கள். அந்தக் கவலையும் நியாயம்தான். உங்கள் கல்லூரியில் எப்படிச் செய்கிறீர்கள்?

பழைய விடுதிக்காரன்:
மேடம், நான் 1998இல் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தவன். பட்டியல் வாசிக்க ஆள் வருவது ஜன்னலில் தெரிந்தாலே தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி வெளியே நழுவிவிடுவேன். இரண்டாம் ஆண்டு அப்படியே படிவம் கொடுக்காமல் விட்டுவிட்டேன். அந்த வருடப் பணம் போயிற்று. அம்மா தோட்டை அடகு வைத்துத்தான் பரீட்சைக் கட்டணம் கட்டினார். வாசித்தால் யாரும் தவறவிட மாட்டார்கள் என்பது சரியில்லை, நான் தவறவிட்டதே வாசித்ததால்தான். எல்லாத் திட்டங்களையும் ஒரே அறிவிப்பில் போட்டு, ஒரு வாரத்துக்குள் அவரவர் கவுண்டரில் வந்து வாங்கட்டும் என்று விடுங்கள். வராதவர்களுக்கு மட்டும் போன் செய்யச் சொல்லுங்கள்.

ஈரோடு வாத்தியார்:
எனக்கு வேறு கருத்து. மறைக்க மறைக்கத்தான் அது வெட்கமாகிறது. நான் முதல் நாளே வகுப்பில் எல்லாத் திட்டத்தையும் விளக்கிவிடுவேன். முதல் பட்டதாரிச் சலுகை, மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், 2024இல் மாணவர்களுக்கும் வந்த தமிழ்ப் புதல்வன், எல்லாவற்றையும் சேர்த்தால் என் வகுப்பில் பாதிக்கு மேல் ஏதோ ஒன்றை வாங்குகிறார்கள். இது உரிமை என்று வாத்தியாரே சொன்னால் 'ஓசி' என்கிற வாய் அடங்கும்.

கொல்லிமலைச்சாரல்:
சார், திட்டத்தை எல்லோருக்கும் விளக்க வேண்டும் என்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் தான் எதில் வந்தேன் என்று சொல்வதா வேண்டாமா என்பதை அந்தப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் வந்தவர்களை நாம் ஒரு நாளும் எழுந்து நிற்கச் சொன்னதில்லையே.

வெண்கோல்:
அக்கா, எனக்குப் பார்வை இல்லை, எம்.ஏ. படிக்கிறேன். தேர்வில் நான் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஸ்க்ரைப் வருவார். தேர்வு அறை வாசலில் "அந்த ஸ்க்ரைப் கேஸ் எங்கே?" என்று கூப்பிடுவார்கள், பெயர் ஹால் டிக்கெட்டில்தான் இருக்கிறது. மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு என்பதை ஒவ்வொரு தடவையும் எல்லோர் முன்னாலும் வாதாடித்தான் வாங்குகிறேன். ஒரு வேண்டுகோள். அறிவிப்பை வாட்ஸ்அப்பில் போட்டால் தாளைப் போட்டோ எடுத்துப் போடாதீர்கள், தட்டச்சு செய்து போடுங்கள். போட்டோவாக வந்தால் என் போன் 'படம்' என்று மட்டும்தான் சொல்லும்.

கொல்லிமலைச்சாரல்:
தம்பி, இது எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. இன்று கல்லூரி முதல்வரைப் பார்த்துப் பேசினேன். இந்த ஒரு துறையில் மட்டும் செய்து பார்க்கச் சம்மதித்தார். எல்லாத் திட்டங்களும் ஒரே அறிவிப்பில், தட்டச்சு செய்து, எல்லா மாணவர்களுக்கும் போய்விட்டது. நாளை வகுப்பில் பத்து நிமிடம் திட்டங்களை விளக்கப் போகிறேன்.

அப்புறம், கலைச்சொல் தாள் ஒன்றும் தயாரித்தேன். அணிக்கோவை, டிட்டர்மினன்ட், நேர்மாறு, இன்வர்ஸ், தரம், ரேங்க் என்று நாற்பது சொற்கள். ஆங்கில வழியில் படித்தவர்களும் கேட்டு வாங்கிப் போனார்கள். அந்தப் பெண் இன்னும் சுவரோரம்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

படிவத்துக்குக் கடைசி நாள் 28. பதினேழு பேரில் யாராவது விட்டுப்போனால் நானே தனியாகப் பார்த்துப் பேசுவேன். முடிந்ததும் இங்கே எழுதுகிறேன்.